குற்றமில்லாத நூறு நாள்

கருக்கம்பட்டி நாச்சிமுத்துவின் மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போனவன் நாள் பார்த்துச் செய்யவில்லை. இன்னும் பன்னிரண்டு நாள் பொறுத்திருந்தால் அது திருட்டாகவே இருந்திருக்கும். ஒருவருக்கும் சிரமம் வந்திருக்காது. அவசரப்பட்டு எண்பத்தெட்டாம் நாளிலேயே அறுத்துவிட்டான்.

அது எண்பத்தெட்டாம் நாள் என்பது நாச்சிமுத்துவுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அன்று செவ்வாய்க்கிழமை, காலை ஆறரைக்கு மும்முனைக் கரண்டு வரும், ஒன்றேகால் ஏக்கர் மல்லிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பதுதான். ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அமுக்கினார். பெட்டி ‘டக்’ என்றது. கிணற்றுக்குள்ளிருந்து பதில் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தால் பெட்டியிலிருந்து ஒரு முழம் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் அறுபது மீட்டரைக் காணோம்.

மொட்டுப் பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜக்கம்மாள் கூடையோடு ஓடிவந்தாள்.

“கோழிக் கழுத்த அறுத்த மாதிரி அறுத்துட்டுப் போயிருக்கானே! சித்திர வெயிலு இந்தக் காய்ச்சு காய்ச்சுது. எட்டு நாள் தண்ணியில்லேன்னா மல்லிச் செடி வெறகாயிரும்ங்க.”

“டேசன்ல ஒரு கம்ப்ளைண்ட் குடுத்துட்டு வாரேன்” என்றார் நாச்சிமுத்து.

பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் மீரான் வரப்பில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் அவர் வயரும் போயிருந்தது.

“நானும் போனேன் நாச்சிமுத்து. போயிட்டு வா. போனாத்தான் தெரியும்” என்றார்.

காவல் நிலையம் ரொம்பவும் மாறிப்போயிருந்தது. வாசலில் பூந்தொட்டி. சுவரில் ‘கரம் கோப்போம்: காவல்துறையும் மக்களும்’ என்று எழுதி, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வது போல ஒரு படம். வரைந்தவருக்கு விரல் சரியாக வராததால், ஒரு கை இன்னொரு கையை முறுக்குவது போலிருந்தது. பொதுமக்களை இனிமேல் ‘நண்பரே’ என்றுதான் அழைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வாசலில் நின்ற காவலர் உத்தரவைத் தட்டாமல், “யோவ் நண்பரே, செருப்ப அங்கிட்டுக் கழட்டிப் போட்டுட்டு வாய்யா” என்றார்.

உள்ளே எழுத்து மேசையில் பெண் ஏட்டு தமிழ்மதி இருந்தார். நாச்சிமுத்து நடந்ததைச் சொன்னார். தமிழ்மதி புகார்ப் பதிவேட்டைத் திறந்தார். அதைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் ஈஸ்வரன் தன் அறையிலிருந்து வேகமாக வந்து, பதிவேட்டை மூடி, நாச்சிமுத்துவின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனார். டீ சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் தோளில் கைபோட்டு டீயும் வாங்கிக்கொடுத்தது நாச்சிமுத்துவின் ஐம்பத்திரண்டு வயதில் இதுவே முதல் தடவை. அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“எந்த ஊரு நண்பரே?”

“கருக்கம்பட்டிங்கய்யா. மோட்டார் வயரத் திருடிட்டாங்க.”

ஈஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையைக் காட்டினார். ‘கருக்கம்பட்டி: குற்றமில்லா நாள் 88’ என்று எழுதியிருந்தது.

“எண்பத்தெட்டு நாளா உங்க ஊர்ல ஒரு குற்றமும் நடக்கல. இன்னும் பன்னெண்டே நாளு. நூறாவது நாள் மேலதிகாரி நேர்ல வந்து விருது குடுக்கப்போறாரு. மாவட்டத்துலயே முதல் குற்றமில்லாக் கிராமம். இந்த நேரத்துல வந்து திருட்டு அது இதுன்னு பேசலாமா? உங்க ஊர் மேல உங்களுக்கே அக்கறை இல்லேன்னா எப்படி?”

“வயரு போயிருச்சேய்யா...”

“போகட்டும். அதப் புகாரா குடுத்தா நீங்க தனி ஆளு, நாங்க தனி ஆளு. ஆலோசனையா குடுத்தா ரெண்டு பேரும் ஒண்ணு. இதுதான் கரம் கோப்போம்.”

நாச்சிமுத்து எழுதிக்கொண்டு போயிருந்த தாளை வாங்கி, ‘புகார் மனு’ என்பதை அடித்து ‘ஆலோசனை’ என்று மாற்றினார். ‘எனது மோட்டார் வயரை யாரோ திருடிச் சென்றுவிட்டனர்’ என்ற வரியை நிதானமாகப் படித்துப் பார்த்து அடித்துவிட்டு, ‘மோட்டார் வயர்கள் பத்திரமாக இருப்பது நல்லது என்று கருதுகிறேன்’ என்று திருத்தினார். நாச்சிமுத்துவின் கையெழுத்தை மட்டும் தொடவில்லை. பிறகு அலமாரியைத் திறந்து ஒரு பச்சைத் தொப்பி, சட்டைக்கு மேலே போடுகிற ஒரு பச்சை மேல்சட்டை, ஒரு விசில் மூன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இன்னையிலேர்ந்து நீங்க காவல் நண்பர் குழு உறுப்பினர். உறுப்பினர் எண் இருபத்தாறு.”

நாச்சிமுத்து தொப்பியோடு ஊர் திரும்பினார். மீரான் தோப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் தலையிலும் அதே பச்சைத் தொப்பி. உறுப்பினர் எண் பதினொன்று.

“தெரிஞ்சுதா?” என்றார் மீரான். பிறகு, “எந் தோப்பு மோட்டாருக்குப் புது வயர் போட்டுட்டேன். அதுலேர்ந்து ஓஸ் குழாய் போட்டுக்க. மேற்கால பாதிக்குத்தான் எட்டும். இருக்கிறதக் காப்பாத்து” என்றார்.

மேற்குப் பாதி பிழைத்தது. கிழக்குப் பாதி வாடத் தொடங்கியது.

மூன்றாம் நாள் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் குழுவினருக்குப் பயிற்சி. மேலதிகாரியே வந்து வகுப்பெடுத்தார். நல்ல உயரம், நல்ல குரல். மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் இங்குமங்கும் நடந்தார்.

“நண்பர்களே! மக்கள்தான் காவல்துறையின் கண். மக்கள்தான் காவல்துறையின் காது. ரோந்து போகும் கால் நீங்கள். திருடனைப் பிடிக்கும் கை நீங்கள்.”

கைதட்டினார்கள். நாச்சிமுத்துவுக்கு ஒரு சந்தேகம். எழுந்து நின்று கேட்டுவிட்டார்.

“அப்ப நீங்க யாருங்கய்யா?”

“அருமையான கேள்வி. நாங்கள் தலை.”

“கண்ணும் காதும் தலையிலதானப்பா இருக்கும்” என்று பக்கத்தில் மீரான் முணுமுணுத்தார். நல்லவேளை, மேலதிகாரி காதில் அது விழவில்லை. காது மக்களிடம் இருந்தது.

“ஒரு புள்ளிவிவரம் சொல்கிறேன்” என்று அவர் தொடர்ந்தார். “கருக்கம்பட்டியில் குழு தொடங்குவதற்கு முன்னால் மாதத்துக்கு நான்கு குற்றங்கள் பதிவாயின. குழு தொடங்கிய பின் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. எப்படி முடிந்தது? பதிவேடு எங்களிடம் இருக்கிறது. பொறுமை உங்களிடம் இருக்கிறது. இந்த இரண்டும் கைகோத்தால் எந்த ஊரிலும் குற்றம் இருக்காது.”

பிறகு விசில் பயிற்சி. ஆபத்தைக் கண்டால் ஒரு நீண்ட விசில். கேட்ட உறுப்பினர் எங்கிருந்தாலும் உடனே இரண்டு குறு விசில் கொடுத்துத் தன் இருப்பைத் தெரிவிக்க வேண்டும். “இது அனிச்சையாக வர வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்” என்று இருபது தடவை ஊதவைத்தார்கள். இருபது தடவையும் எல்லாருக்கும் முந்தி இரண்டு விசில் கொடுத்தவர் பழனிக்குமார். கருக்கம்பட்டிக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் அவர்தான். கட்டடங்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவர், முப்பத்தைந்து வயது, சுறுசுறுப்பு. மேலதிகாரி அவரை மேடைக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

பழனிக்குமார் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதை நாச்சிமுத்து ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வீடு வீடாகப் போய், யார் எந்த நேரம் வெளியூர் போவார்கள், யார் தோட்டத்தில் எப்போது ஆள் இருக்காது என்றெல்லாம் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்தார். அதைக் குழுவின் வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் போட்டார். அதன்படிதான் ரோந்து. வடக்குத் தோட்டத்துக்காரருக்குத் தெற்கே ரோந்து, தெற்குத் தோட்டத்துக்காரருக்கு வடக்கே. நாச்சிமுத்துவுக்கு பஸ் நிறுத்தத்தில் போக்குவரத்துச் சீர்செய்யும் பணி. கருக்கம்பட்டிக்குக் காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ். இரண்டும் ஒன்றோடொன்று மோதிவிடாமல் அவர் பார்த்துக்கொண்டார்.

ரோந்து போனால் போட்டோ எடுத்துப் போட வேண்டும். போட்டோ இல்லாவிட்டால் ரோந்து கணக்கில் வராது. நாளடைவில் போட்டோ மட்டும் வந்தாலும் போதும் என்று ஆனது. ஊர் முகப்பில் நன்கொடையாக வந்த கேமரா ஒன்றைப் பொருத்தினார்கள். திறப்புவிழாக் கல்வெட்டில் இருக்கும் அதிகாரிகளின் பெயருக்குச் சேதம் வந்துவிடக் கூடாது என்று அதைக் கல்வெட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். கல்வெட்டு இன்றுவரை பத்திரமாக இருக்கிறது.

இதற்கிடையில் கீழத்தெருவில் ஒரு வெள்ளாடு காணாமல் போனது. பேச்சிமுத்து வீட்டுக் கேஸ் சிலிண்டர் போனது. ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பறிகொடுத்தவர்கள் எல்லாரும் காவல் நிலையத்துக்குப் போய், டீ குடித்துவிட்டு, தொப்பியோடு திரும்பினார்கள். திருட்டு கூடக் கூடக் குழு வளர்ந்தது. தொண்ணூற்றாறாம் நாள் உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். ஈஸ்வரன் இதை மேலிடத்துக்கு ‘மக்களிடையே பெருகிவரும் ஆர்வம்’ என்று எழுதி அனுப்பினார்.

ஜக்கம்மாளுக்கு மட்டும் ஆர்வம் பெருகவில்லை. வாடிய செடிகளுக்குக் குடத்தில் சுமந்து ஊற்றி அவளுக்குத் தோள் வீங்கியிருந்தது.

“பஸ்ஸப் பாத்தது போதும்ங்க. கெழக்கால நாப்பது செடி செத்துப்போச்சு. எந்திரிச்சு வாங்க.”

தொண்ணூற்றேழாம் நாள், மத்தியான பஸ்ஸைப் பத்திரமாக அனுப்பிவிட்டு நாச்சிமுத்து கண்மாய் வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வற்றிய கண்மாய்க்குள் கருவேலம் புதருக்குப் பின்னாலிருந்து கரும்புகை எழுந்தது. டயர் எரிகிற மாதிரி நாற்றம். வயரைத் தீயில் போட்டால் மேல்தோல் எரிந்து செம்பு மட்டும் மிஞ்சும், பழைய இரும்புக்கடையில் செம்பாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பது அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாச்சிமுத்து நின்றார். கை தானாக விசிலைத் தேடியது. நீளமாக ஒரு விசில் கொடுத்தார்.

புகைக்குள்ளிருந்து இரண்டு குறு விசில் பதிலாக வந்தது.

பிறகு புதருக்குள், “சை!” என்று ஒரு குரல் கேட்டது.

நாச்சிமுத்து புதரைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். பழனிக்குமார் வாயில் விசிலோடு குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் தீ. பாதி எரிந்த வயர்ச் சுருள்கள். அழுக்காகாமல் இருக்கக் குழுவின் பச்சைச் சட்டையைக் கழற்றி முள்ளில் தொங்கவிட்டிருந்தார். இன்னும் தீக்குப் போகாத ஒரு சுருளில், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிய ஒரு இணைப்பு இருந்தது. போன வருஷம் நாச்சிமுத்து தன் கையால் சுற்றியது.

“ரோந்துலண்ணே இருக்கேன்” என்றார் பழனிக்குமார்.

“இது என் வயருடா.”

“அப்படியா? நல்லவேள சொன்னீங்க. யாரோ போட்டுட்டுப் போயிருக்காங்க. தீப் பரவாம பாத்துக்கிட்டு இருந்தேன்.”

தோப்பிலிருந்து மீரானும் விசில் கேட்டு வந்துவிட்டார். ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள். செய்தி பரவி, ஊரே பின்னால் வந்தது. நாச்சிமுத்து வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இனி இதை யாரும் ஆலோசனை என்று சொல்ல முடியாது என்று அவருக்கு ஒரு நிம்மதி.

ஈஸ்வரன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கரும்பலகையைப் பார்த்தார். பழனிக்குமாரைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“நல்லா யோசிச்சுப் பாருங்க நண்பரே. திருட்டு நடந்ததா பதிவு இருக்கா? இல்ல. நடக்காத திருட்டுக்குத் திருடன் எங்கேர்ந்து வருவான்? சட்டத்துல அப்படி ஒரு ஆளே கிடையாது.”

“கையும் களவுமா புடிச்சுட்டு வந்துருக்கோம்ய்யா!” என்றார் மீரான்.

“களவுன்னு ஒண்ணு இருந்தாத்தான பாய், கையும் களவுமா புடிக்க முடியும்? இப்ப இருக்கிறது வெறும் கைதான்.”

தமிழ்மதி தன் மேசையிலிருந்து, “சார், பொருளோட ஆளையும் கொண்டுவந்திருக்காங்க. எழுதிருவோம் சார்” என்றார்.

“எழுதலாம்மா. கண்டெடுத்த பொருள்னு எழுதுங்க. நண்பர் நாச்சிமுத்து தவறவிட்ட வயரை, நண்பர் பழனிக்குமார் கண்மாயில் கண்டெடுத்து ஒப்படைத்தார். நூறாவது நாள் விழாவுல பொருளத் திருப்பிக் குடுப்போம். நேர்மைக்கு ஒரு கேடயமும் குடுத்துருவோம்.”

“அறுபது மீட்டர் வயர நான் தவற விட்டேனாய்யா? மடியிலேர்ந்து விழுந்துருச்சா?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“நடக்குறதுதான்” என்றார் ஈஸ்வரன். “கவலப்படாதீங்க, உங்க மேல நடவடிக்கை எதுவும் எடுக்க மாட்டோம்.”

நூறாவது நாள் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் விழா. பந்தல், நாதஸ்வரம், பச்சைத் தொப்பிகள். பத்திரிகைக்காரர்கள் நான்கு பேர். பழனிக்குமார் இஸ்திரி போட்ட சட்டையில் மேடைக்கு வந்து கேடயம் வாங்கினார். பிறகு ரோஜா நிற ரிப்பன் கட்டிய வயர்ச் சுருளை நாச்சிமுத்துவிடம் கொடுத்தார். பாதி எரிந்துபோனது. கிணற்றுக்கு இனி உதவாது. கொடுக்கும்போது தலை படத்தில் சரியாக விழவில்லை என்று கேமராக்காரர் சொன்னதால் திருப்பி வாங்கி இன்னொரு தடவை கொடுத்தார். திருப்பி வாங்கும்போது பழனிக்குமாரின் கை நன்றாகப் பழகியிருந்தது.

மேலதிகாரி உருகிப் பேசினார். “திருடனும் போலீசும் இருந்த காலம் போய்விட்டது. இந்த மேடையில் பாருங்கள், யார் யாரென்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா? இதுதான் நல்லுறவு!”

பயனாளி சார்பில் இரண்டு வார்த்தை பேசும்படி நாச்சிமுத்துவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். என்ன பேச வேண்டும் என்று ஈஸ்வரன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். நாச்சிமுத்து அதைப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை. கீழே பெண்கள் வரிசையில் ஜக்கம்மாள் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தார். அவருக்கு யாரையும் கிண்டல் செய்யத் தெரியாது. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார்.

“அய்யா, எங்க ஊர்ல எந்தத் தேதியிலேர்ந்து குத்தம் நடக்கலாம்னு சொன்னீங்கன்னா, அன்னைக்கு வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன்.”

ஈஸ்வரன் எழுந்து நின்றுவிட்டார். மேலதிகாரி மட்டும் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். அவருக்கு அடுத்த நிகழ்ச்சி ஒட்டன்சத்திரத்தில்.

“நல்ல கேள்வி. இன்றோடு கருக்கம்பட்டிக்கு நூறு நாள் நிறைவு. திட்டம் நாளை அடுத்த ஊருக்குப் போகிறது. அதனால் நாளை முதல் நீங்கள் எல்லாரும் தாராளமாகக் காவல் நிலையத்துக்கு வரலாம்!”

அன்று முழுவதிலும் பெரிய கைதட்டல் அதற்குத்தான். மேலதிகாரி நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காவல் நிலைய வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் பழனிக்குமார் மட்டும் வரவில்லை. வரிசையில் முதல் ஆள் நாச்சிமுத்து, இரண்டாவது மீரான். எல்லார் கையிலும் தாள். ஈஸ்வரன் ஜீப்பிலிருந்து இறங்கி, வரிசையைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார்.

“ஒரே நாள்ல இம்புட்டுக் குத்தமா? நேத்து வரைக்கும் எப்படி இருந்த ஊரு!” என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மேலதிகாரி சொல்லிவிட்ட பிறகு திருப்பி அனுப்ப முடியாது. தமிழ்மதியிடம் போய், “எல்லாத்துக்கும் இன்னைக்குத் தேதியப் போட்டு எழுதும்மா. காலையில ஆறிலேர்ந்து எட்டுக்குள்ள நடந்ததா இருக்கட்டும்” என்றார்.

தமிழ்மதி பதிவேட்டைத் திறந்தார். “திருட்டு நடந்த தேதி சொல்லுங்கண்ணே.”

நாச்சிமுத்து பதின்மூன்று நாளுக்கு முந்திய செவ்வாய்க்கிழமையின் தேதியைச் சொன்னார்.

“இன்னைக்குன்னு சொல்லுய்யா!” என்றார் ஈஸ்வரன். ‘நண்பரே’ போய்விட்டது.

“சொல்றேன்ய்யா. ஆனா இன்னைக்குத்தான் திருடுனான்னா, நேத்து மேடையில எனக்குத் திருப்பிக் குடுத்தது எந்த வயருங்கய்யா? பேப்பர்ல போட்டோ வேற வந்துருக்கு. நீங்களும் நிக்கிறீங்க.”

ஈஸ்வரன் சுற்றிலும் பார்த்தார். வரிசையில் பாதிப்பேர் கையில் அன்றைய பேப்பர் இருந்தது. அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தமிழ்மதி செவ்வாய்க்கிழமையின் தேதியை எழுதி, திருடியவர் பெயரையும் கேட்டு எழுதி, எல்லாவற்றையும் உரக்கப் படித்துக்காட்டி, ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தார். பிறகு, “அடுத்து யாரு?” என்றார். மீரான் முன்னால் வந்தார். சாயங்காலம் நான்கு மணிவரை எழுதினார்கள். ஒவ்வொரு குற்றமும் அது நடந்த நாளுக்கே திரும்பிப் போனது.

பழனிக்குமாரைக் கொடைரோடு ரயில் நிலையத்தில் கேடயத்தோடு பிடித்தார்கள். ஈஸ்வரன் மேலிடத்துக்கு ஒரு நீண்ட விளக்கம் எழுதினார்: குழுவின் பணி முடிந்த மறுநாளே நாற்பது குற்றங்கள் பதிவாகியிருப்பது குழு எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டுகிறது, ஆகவே அதை மேலும் இருநூறு நாள் நீட்டிக்க வேண்டும். நீட்டித்தார்கள்.

நாச்சிமுத்து புது வயர் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிய முதல் நாள், காவல் நிலையத்திலிருந்து ஒரு காவலர் வரப்பில் தடுமாறி வந்து சேர்ந்தார்.

“நண்பரே, ஒருங்கிணைப்பாளர் பதவி காலியா இருக்கு. உங்களத்தான் போடணும்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு. கையோட கூட்டியாரச் சொன்னாரு.”

“வாரேன் தம்பி. தண்ணி பாஞ்சுக்கிட்டு இருக்கு. செத்த நேரம் உக்காருங்க.”

காவலர் வேலிநிழலில் உட்கார்ந்தார். ஜக்கம்மாள் அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். கிழக்குப் பாதியில் செத்த நாற்பது செடி போக மிச்சமெல்லாம் தண்ணீருக்கு வாயைப் பிளந்து கிடந்தன. வாய்க்காலில் தண்ணீர் நுரைத்து வந்து முதல் பாத்திக்குள் இறங்கியது. அது நிறைந்ததும் காவலர் எழுந்து, “முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டார்.

நாச்சிமுத்து மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டார்.